இரண்டு பால்பவுடர் டின்

பர்காவுக்கு வெளியே குல் ஸமானின் யார்டு.
ஜனவரி. பாங்கு சொல்ல இன்னும் நேரமிருக்கிறது.
அர்பாபும் நானும் ஷபிகுலும்
கம்பிக் கேட்டைத் தட்டிக்கொண்டு நிற்கிறோம்.
குளிர்ந்து கிடக்கும் எஞ்சினைத்தான் பார்க்கணும் என்று
நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.
ஆகஸ்டில் இந்தச் சோதனை பலிக்காது.
அப்போது இங்கே இரும்பெல்லாம்
காய்ச்சலோடுதான் கண்விழிக்கும்.

முதலில் காட்டியது நூற்றுப்பத்து குதிரை.
நாலு சக்கரமும் இழுக்கும், ஏசி கேபின்,
தக்காளிச் சிவப்பில் புதுப் பெயின்ட்.
மீட்டரில் இரண்டாயிரத்து முந்நூறு மணிநேரம்;
கிளட்ச் ரப்பரோ
கரைந்த சோப்பு மாதிரி வழவழவென்று.
பானெட்டின் மேல் ஒரு பூனை
இந்தப் பனியிலும்
நாலு காலையும் நீட்டிப் படுத்திருந்தது.
அதன் பக்கத்தில் கையை வைத்தேன். வெதுவெதுப்பு.
"மூணு மணிக்கே ஓட்டிவைத்தாயா, ஸமான் பாய்?"
அவன் பூனையைத் திட்டினான்.

அர்பாபுக்கு அதை விட மனமில்லை.
ஏறி உட்கார்ந்தார், இறங்கினார், மறுபடி ஏறினார்.
நம் பேரீச்சை வரிசைக்குள் இது நுழையாது,
வாங்கினால் மரத்தைத்தான் நகர்த்த வேண்டும் என்றேன்.

மூலையில் நின்றது எழுபத்தைந்து. மாசி.
(எங்கள் ஊரில் ஒரு மாதத்துக்கும் ஒரு கருவாட்டுக்கும்
அதே பேர்.)
கேபின் இல்லை. சீட்டுக்குக் கோணி.
ரிம்மின் அடிவிளிம்பை உப்புத்தண்ணீர் தின்றிருந்தது.
ஆயில் குச்சியை உருவினேன்: கறுப்பு.
கறுப்பு நல்லது.
சாயா நிறத்தில் வந்திருந்தால்
ஒன்றும் பேசாமல் திரும்பியிருப்பேன்.
சாவி போட்டதும் இருமியது. வெள்ளைப் புகை.
நீலம் வருமா, நீலம் வருமா என்று
பைப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வரவில்லை. தொண்டை தெளிந்தது.

பின்கைகளில் கலப்பையைத் தூக்கி
எஞ்சினை அணைக்கச் சொன்னேன்.
நுனிக்கு ஒரு விரல் கீழே
மண்ணில் ஒரு குச்சியை நட்டேன்.
இனிப் பத்து நிமிஷம்.
ஷபிகுல் கஹ்வா ஊற்றினான்.
ஸமான் கூரையைப் பார்த்தான். பூனை எங்களைப் பார்த்தது.
அர்பாப்தான் வாய் திறந்தார்:
"நம்ம பழசு மாதிரியே இருக்கிறதே, தாசையா,
இதற்கா காசு?"

இதற்குத்தான் என்றேன்.
ஒரே ஃபில்டர், ஒரே பெல்ட், ஒரே ஸ்டார்ட்டர்.
ஒன்று படுத்தால் மற்றதில் கழற்றி மாட்டலாம்.
அந்தச் சிவப்பு படுத்தால்
சாமான் துபாயிலிருந்து வரணும்,
அதுவரை புல் நமக்காகக் காத்திருக்காது.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.
போன ஜூனில் குதிரைமசால் பாதி வெட்டிக் கிடக்க
பழசு நடு வயலில் நின்றுபோன ராத்திரி.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
நான் அடியில் கிடந்தேன்.
எதிரே அவருடைய செருப்பு இரண்டும்
விடியும்வரை நகரவே இல்லை.
அவர் ஒரு வார்த்தை ஏசியிருந்தால்
எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பத்தாவது நிமிஷம்
கலப்பை நுனி குச்சியைத் தொட்டது.
ஒரு விரல். சீல் தேய்ந்திருக்கிறது, என் கையே மாற்றிவிடும்.
அதை ஸமானிடம் சொல்லவில்லை.
அந்த ஒரு விரலுக்கு நூற்றைம்பது ரியால் குறைத்தேன்.

முஸன்னாவுக்கு நாற்பது கிலோமீட்டர்.
சர்வீஸ் ரோட்டில் இருபத்தைந்தில் ஓட்டி வந்தேன்.
பின்னால் அர்பாபின் பிக்கப்
இரண்டு பக்கமும் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு.
லாரிக்காரன் எவனெவனோ ஹாரன் அடித்தான்.
காது இரண்டும் மரத்துப்போன பிறகு
சூரியன் வந்தது.

கொட்டகையில் பழசுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.
பழசின் அடியில் எப்போதும்போல்
அந்தப் பால்பவுடர் டின், பாதி ஆயிலோடு.
சாயங்காலம் குனிந்து பார்த்தேன்:
புதுசின் அடியிலும் மண்ணில் ஒரு கறுப்புப் பொட்டு.
சமையல்கட்டுக்குப் போய்
ஷபிகுலிடம் இன்னொரு காலி டின் கேட்டேன்.
இன்னும் தீரவில்லை என்றான்.
ஆளுக்கு இரண்டு தடவை சாயா போடச் சொன்னேன்.